கருஞ்சீரக எண்ணெய்

உணவு வேறு, மருந்து வேறு என இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சமையலறையிலும் மற்றொன்றை மருத்துவர் பையிலும் வைத்துக் காண்பது பிற்காலத்து வழக்கம். நம் முன்னோர் இவ்விரண்டற்கும் இடையே அத்துணை உயர்ந்த மதில் எழுப்பினாரல்லர். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மிளகும் சுக்கும் மஞ்சளும் ஒரு வேளை குழம்பிற்குச் சுவையூட்டும். மற்றொரு வேளை கசாயமாகிச் சளியையும் வயிற்றுப் பொருமலையும் தணிக்கும். இவ்வாறு உணவுக்கும் மருந்துக்கும் நடுவே நிற்கும் பொருள்களுள் கருஞ்சீரகமும் ஒன்று. அதன் விதையினின்று பிழியப்படும் எண்ணெயை ரொட்டியிலும் தயிரிலும் பாலாடைக்கட்டியிலும் கலந்து உண்டால் உடல்நலம் பெருகும் என்று இன்று பல நாடுகளிலும் பேசப்படுகிறது. அத்தகைய பண்டங்கள் கடைகளில் விற்கவும் படுகின்றன. அப்பேச்சில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதைப் பகுத்தறிதல் நமக்கு வேண்டும். உடல்நலம் பற்றிய செய்தியில் ஒரு சொல் மிகுமாயின், அதனை நம்பிய ஓர் உயிர்க்கு இடர் நேர்தல் கூடும் அன்றோ?

முதற்கண் பெயரை ஆராய்வோம். சீரகம் என்னும் சொல்லைச் ‘சீர்’, ‘அகம்’ எனப் பிரித்து, அகத்தைச் சீர்செய்வது எனப் பொருள் கூறுவார் உளர். கேட்டற்கு இனிய விளக்கமே அது. வடமொழியார் இதனை ‘ஜீரகம்’ என வழங்கி, செரித்தல் என்னும் பொருளுடைய வேரோடு இயைத்துரைப்பர். இருவர் கூற்றிலும் வயிற்றைச் செம்மை செய்யும் பொருள் இது என்னும் கருத்துப் பொதுவாக அமைந்துள்ளது. நம் மொழியில் சீரகம் என முடியும் பெயர்கள் பல. நற்சீரகம், பெருஞ்சீரகம், காட்டுச்சீரகம், கருஞ்சீரகம் என்பன அவற்றுட் சில. பெயர் ஒத்திருத்தலால் இவையெல்லாம் ஒரு குலத்தன எனக் கருதுதல் பிழையாகும். நற்சீரகமும், சோம்பு எனப்படும் பெருஞ்சீரகமும் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சார்ந்தவை. காட்டுச்சீரகம் சூரியகாந்தியின் குடும்பத்தது. கருஞ்சீரகமோ இவற்றோடு உறவில்லாத ‘ரனன்குலேசி’ என்னும் குடும்பத்தில் பிறந்தது. 1753-ஆம் ஆண்டில் செடிகொடிகளுக்கெல்லாம் முறையாகப் பெயர் வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், இதற்கு ‘நைஜெல்லா சட்டைவா’ எனப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் முன்னைச் சொல் கருமையையும், பின்னைச் சொல் பயிரிடப்படுவது என்பதையும் குறிக்கும்.

வடநாட்டார் இவ்விதையைக் கலோஞ்சி என்பர். நிறமும் வடிவும் ஒருவாறு ஒத்திருத்தலால் இதனை வெங்காய விதை என மயங்குவாரும் உளர். ‘ஷாஜீரா’ என்னும் வேறொரு விதையும் ஆங்கிலத்தில் கருஞ்சீரகம் என்னும் பொருள்பட வழங்குகிறது. ஷாஜீரா மெலிந்து நீண்டு சற்றே வளைந்திருக்கும். கருஞ்சீரகம் குறுகிய உருவும் கூரிய கோணங்களும் மங்கிய கருமையும் உடையது. பெயரில் நேரும் மயக்கம் பெயரோடு நில்லாது. பெயர் மாறினால் பொருள் மாறும். பொருள் மாறினால் அதனை உண்டு பெறும் பயனும் மாறிவிடும். ஆதலின், ஒரு பொருளின் குணத்தை ஆராயப் புகுவோர் அப்பொருள் இன்னதென முதலில் தெளிதல் வேண்டும்.

கருஞ்சீரகம் ஓராண்டுச் செடி. ஒன்றரை அல்லது இரண்டடி உயரம் வளரும். இதன் இலைகள் நூல்நூலாகப் பிளவுபட்டு மெல்லியனவாய் விளங்கும். வெண்மையும் இளநீலமும் கலந்த மலர்கள் கிளை நுனியில் ஒவ்வொன்றாகப் பூக்கும். மலர் உதிர்ந்தபின் தோன்றும் காய், பல அறைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய சிறு கூடு போன்றது. காய் முற்றி உலர்ந்து வெடிக்குங்கால் உள்ளே கரிய விதைகள் நிறைந்திருத்தலைக் காணலாம். இவற்றை உள்ளங்கையில் இட்டுத் தேய்த்தால் ஓமமும் மிளகும் கலந்தாற்போன்ற ஒரு மணம் எழும்; மென்றால் முதலில் கசப்பும் பின்னர்க் காரமும் தோன்றும். மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடலை ஒட்டிய நிலங்களும் இச்செடியின் தாயகம் என்பர். இந்நாளில் எகிப்து, சிரியா, துருக்கி, ஈரான், எத்தியோப்பியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இந்தியா ஆகிய நாடுகளில் இது பயிராகிறது. நம் நாட்டின் வடபகுதியில் குளிர்காலப் பயிராக இதனை விதைக்கின்றனர். இராசத்தான் மாநிலத்து அஜ்மீரில் உள்ள விதை நறுமணப் பயிர்களுக்கான தேசிய ஆராய்ச்சி நிலையம் இதன் நல்ல வகைகளை உருவாக்கி உழவர்க்கு அளித்துள்ளது.

இவ்விதையின் வரலாறு மிகப் பழையது. எகிப்து நாட்டை ஆண்ட இளம் மன்னன் துட்டன்காமனின் கல்லறை 1922-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மூடிக்கிடந்த அக்கல்லறையில், பொன்னணிகளோடும் தேர்களோடும் வைக்கப்பட்டிருந்த பொருள்களுள் கருஞ்சீரகமும் இருந்தது. மறுமையில் மன்னனுக்கு வேண்டும் எனக் கருதி வைத்த பண்டங்களுள் இதுவும் இடம் பெற்றதாயின், அக்காலத்து மக்கள் இதனை எத்துணை அரியதாக மதித்தனர் என்பது புலனாகும். விவிலியத்தில் ஏசாயாவின் ஆகமம் 28-ஆம் அதிகாரத்தில் ‘கெட்சா’ என்னும் எபிரேயச் சொல்லால் குறிக்கப்படும் கூலம் கருஞ்சீரகமே என்பது அறிஞர் பலர் கருத்து. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அஃது உளுந்து எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. இதனைப் போரடிக்கும் கனத்த கருவியால் மிதிக்காமல் கோலால் மெல்ல அடித்தே உழவன் விதையைப் பிரிப்பான் என்று அங்கே கூறப்படுகிறது. நுண்ணிய பொருளை நுண்ணிய முறையால் கையாளுதல் வேண்டும் என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், தலைவலி, மூக்கடைப்பு, பல்வலி, குடற்புழு ஆகியவற்றுக்கு இவ்விதையை மருந்தாகக் கூறினார். நபிகள் நாயகம் இதனைப் போற்றியுரைத்தார் எனும் நபிமொழி உண்மையால், இசுலாமிய மக்கள் இதனைப் பெரிதும் மதிப்பர். அரபு மொழியில் ‘ஹப்பத்துல் பரக்கா’ என்பது இதன் பெயர்களுள் ஒன்று. அருள்வளம் தரும் விதை என்பது அதன் பொருள். 980 முதல் 1037 வரை வாழ்ந்த பேரறிஞர் இப்னு சீனாவும் தம் மருத்துவப் பெருநூலில் இதன் குணங்களைக் கூறியுள்ளார். ஆயினும், அவர் இவ்விதை ஒன்றனையே எழுதி அமையவில்லை. நூற்றுக்கணக்கான மருந்துகளை அடைவாக வகுத்து, நோய்க்கும் நோயாளியின் இயல்புக்கும் ஏற்ப மருந்தைத் தேரும் முறையையும் வகுத்துரைத்தார். நம்பிக்கையும் ஆராய்ச்சியும் ஒருவரிடத்தே ஒருங்கு வாழக் கூடும் என்பதற்கு அப்பெரியார் எடுத்துக்காட்டாவார். நம் சித்த மருத்துவரும் கரப்பான், புண், பீனசம் முதலியவற்றுக்குக் கருஞ்சீரகத்தைப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

மருந்தாக மட்டுமன்றி உணவாகவும் இது பல நாடுகளில் வழங்குகிறது. துருக்கியர் தம் ரொட்டியின் மேல் இதனைத் தூவிச் சுடுவர். வடநாட்டு நான் ரொட்டியின் மேல் காணப்படும் கரிய புள்ளிகளும் பெரும்பாலும் இவ்விதையே. வங்காளத்தார் தாளிக்கும் ஐந்து விதைக் கலவையுள் இஃது ஒன்று. பாலஸ்தீனத்து நாப்லஸ் நகரத்தார் இதனை வறுத்தரைத்த கரிய விழுதைக் கொண்டு ஓர் இனிப்புப் பண்டம் செய்வர். எத்தியோப்பியர் தம் மசாலைப் பொடியில் இதனைச் சேர்ப்பர். இங்ஙனம் பல நூற்றாண்டுகளாகப் பல இனத்தார் உண்டு வந்திருத்தலால், உணவில் சேரும் சிறிய அளவில் இது பெரும்பாலார்க்குத் தீங்கற்றது எனக் கொள்ளலாம்.

இனி எண்ணெயின் இயல்பைக் காண்போம். கருஞ்சீரக விதையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். ஐந்தில் ஒரு பங்கு புரதம். அவ்வெண்ணெயில் இரு பகுதிகள் உள. ஒன்று நிலையெண்ணெய், மற்றொன்று ஆவியெண்ணெய். காகிதத்தில் ஒரு துளி நல்லெண்ணெய் விழுந்தால் கறை நீங்காது நிற்கும்; அது நிலையெண்ணெய். யூக்கலிப்டஸ் தைலம் விழுந்தால் சிறிது நேரத்தில் கறையின்றிப் பறந்துவிடும், அஃது ஆவியெண்ணெய். கருஞ்சீரகத்தில் நிலையெண்ணெயே மிகுதி. ஆவியெண்ணெய் விதையின் எடையில் நூற்றுக்கு ஒன்று அளவில், சற்றுக் கூடியோ குறைந்தோ இருக்கும்.

நிலையெண்ணெயில் பாதிக்கு மேற்பட்டது லினோலியிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம். நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத, உணவின் வழியாகவே பெறவேண்டிய பொருள் அது. ஆயினும், அது கருஞ்சீரகத்துக்கே உரிய தனிச்சிறப்பன்று; நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அது நிரம்ப உண்டு. கருஞ்சீரகத்தின் தனித்தன்மை சிறுபான்மையாகிய ஆவியெண்ணெயிலேதான் அமைந்துள்ளது. அதன் தலையாய கூறு ‘தைமோகுயினோன்’ என்னும் பொருள். 1963-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் இதனைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று கருஞ்சீரகம் பற்றி நிகழும் ஆய்வுகளுள் பெரும்பாலானவை இப்பொருளைச் சுற்றியே நடைபெறுகின்றன.

அது செய்யும் வேலை யாது? வெட்டிவைத்த வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுத்துப்போவதையும், திறந்து வைத்த எண்ணெய் நாட்பட்டுக் காறல் வாடை வீசுவதையும் நாம் அறிவோம். பிராணவாயு பொருள்களோடு கூடி அவற்றை மாற்றுவதால் நிகழும் விளைவுகள் இவை. உயிர் வாழ இன்றியமையாத அவ்வாயுவே உடலினுள்ளும் ஓரளவு இத்தகைய சிதைவை உண்டாக்கும். அச்சிதைவைத் தடுக்கும் ஆற்றலும், வீக்கத்தைத் தூண்டும் சில பொருள்களின் ஆக்கத்தைக் குறைக்கும் ஆற்றலும் தைமோகுயினோனுக்கு உண்டு என்பது ஆய்வுக்கூடங்களில் கண்ட முடிவு. சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியை அடக்கும் ஆற்றலும் இவ்வெண்ணெய்க்கு உண்டு.

எண்ணெயை எடுக்கும் முறையும் அறியத்தக்கது. செக்கிலோ திருகுப் பொறியிலோ விதையை இட்டு, வெப்பம் மிகாமல் பிழிவது ஒரு முறை. இதில் எண்ணெய் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். பிண்ணாக்கில் ஒரு பகுதி தங்கிவிடும். ஆயினும், மணமும் ஆவியெண்ணெயும் பெரிதும் கெடுவதில்லை. கரைப்பான்களைக் கொண்டு எண்ணெயைக் கரைத்தெடுப்பது மற்றொரு முறை. கரியமில வாயுவை மிகுந்த அழுத்தத்தில், 31 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தில் வைத்தால், அது வாயுவுமாகாது நீர்மமுமாகாது இடைப்பட்ட நிலை எய்தும். அந்நிலையில் அஃது எண்ணெயை நன்கு கரைக்கும். அழுத்தத்தை நீக்கியவுடன் வாயு பறந்துவிட, எண்ணெய் மட்டும் எஞ்சும். எம்முறையால் எடுத்தாலும், வெயிலிலும் வெளிச்சத்திலும் வைத்தால் தைமோகுயினோன் சிதையும். காற்றுப் பட்டால் நிலையெண்ணெய் காறும். ஆதலின் இதனை நிறங்கருத்த புட்டிகளில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தல் முறை.

இவ்வெண்ணெயை உணவிற் கலக்கும் எண்ணம் எவ்வாறு எழுந்தது? 1980-களில் சப்பான் நாட்டு அறிஞர்கள் உணவின் தொழில்களை மூன்றாக வகுத்தனர். உடலை வளர்த்தல் ஒன்று. சுவையால் மகிழ்வித்தல் இரண்டு. உடலின் இயக்கங்களைச் செம்மைப்படுத்தி நோய் வாராமற் காக்க உதவுதல் மூன்று. இம்மூன்றாம் தொழிலைச் சிறப்பாகச் செய்யும் உணவைச் ‘செயல்பாட்டு உணவு’ என வழங்கலாயினர். 1991-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அத்தகைய உணவுகளைச் சோதித்து இசைவு வழங்கும் முறையையும் ஏற்படுத்தியது. இதனோடு உறவுடைய ஒன்றை நாமும் நெடுநாளாக அறிவோம். கழுத்துக் கழலை நோயைத் தடுக்கும் பொருட்டு 1962-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒரு திட்டம் தொடங்கி, அயோடின் கலந்த உப்பைப் பரப்பியது. உப்பு உப்பாகவே இருந்து, சமையலுக்குப் பயன்பட்டு, அதனோடு ஒரு நோயையும் தடுத்தது. அன்றாட உணவையே நலத்தின் வாயிலாக ஆக்கலாம் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

கருஞ்சீரக எண்ணெயை ரொட்டி, பிஸ்கோத்து, தயிர், பாலாடைக்கட்டி, கலப்பெண்ணெய் முதலியவற்றில் சேர்த்து ஆராய்ந்தவர்கள் இரண்டு நன்மைகளைக் கண்டனர். ஒன்று, பண்டம் விரைவிற் காறாமலும் பூஞ்சை பற்றாமலும் இருக்க அவ்வெண்ணெய் துணைசெய்தது. மற்றொன்று, அவ்வுணவின் சிதைவு தடுக்கும் ஆற்றல் கூடியது. ஆனால், இடையூறுகளும் தோன்றின. எண்ணெய் சிறிது மிகுந்தாலும் கசப்பும் காரமும் நாவை உறுத்தும். அடுமனையின் வெப்பத்தில் ஆவியெண்ணெயின் ஒரு பகுதி பறந்துபோகும். இவற்றை நீக்க ‘நுண்ணுறையிடல்’ என்னும் முறையைக் கையாள்கின்றனர். கசக்கும் மாத்திரைக்கு இனிப்பு மேலுறை இடுவதைப் போல, எண்ணெயின் நுண்துளி ஒவ்வொன்றையும் வேலம்பிசின் வகை போன்ற பொருள்களால் மூடி, உலர்த்திப் பொடியாக்குவர். அப்பொடி உணவில் கலந்தால் கசப்பு மறையும். எண்ணெயும் காற்றினின்று காக்கப்படும்.

இதுகாறும் கூறியவை ஆய்வுக்கூடத்துச் செய்திகள். மனித உடலில் இவ்வெண்ணெய் என்ன பயன் தருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா. ஒருவர் இதனை உண்டார். அவர் நோய் குறைந்தது. ஆகவே இதுவே அந்நோய்க்கு மருந்து என்று முடிவு செய்யலாமா? செய்தல் கூடாது. நோய் தானே தணிந்திருக்கலாம்; உடன் உண்ட வேறு மருந்து தணித்திருக்கலாம்; மருந்து உண்கிறோம் என்னும் நம்பிக்கையே சிறிது தெம்பு அளித்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய அறிஞர் ஒரு முறை வகுத்துள்ளனர். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தையும், மற்றப் பிரிவினர்க்கு உருவில் அதனையே ஒத்த வெற்றுப் பொருளையும் கொடுப்பர். எவர்க்கு எது கிடைத்தது என்பது உண்பவர்க்கும் தெரியாது, கொடுப்பவர்க்கும் தெரியாது. காலம் முடிந்தபின் இரு பிரிவினரையும் ஒப்பிட்டு நோக்கி, வேறுபாடு தெளிவாக இருந்தால்தான் மருந்துக்குப் பயனுண்டு எனக் கொள்வர்.

கருஞ்சீரகம் பற்றி இவ்வகையிலும், இதற்கு நெருங்கிய வகைகளிலும் ஆய்வுகள் பல நடந்துள்ளன. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த சவூதி அரேபிய ஆய்வு ஒன்றில், நீரிழிவு நோயாளர் 94 பேர் தாம் உண்டுவந்த மருந்துகளோடு கருஞ்சீரகப் பொடியையும் மூன்று மாதம் உண்டனர். நாளொன்றுக்கு ஒரு கிராம் உண்டவர்களிடம் தெளிவான மாற்றம் காணப்படவில்லை. இரண்டு கிராம் உண்டவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. மூன்று கிராம் உண்டவர்களுக்கு அதனினும் மிகுதியான பயன் கிட்டவில்லை. கூட்டக் கூட்டப் பயன் கூடும் என்னும் எண்ணம் தவறு என்பது இதனால் விளங்கும். எனினும், வெற்றுப் பொருள் உண்ட பிரிவு இவ்வாய்வில் இல்லாமை ஒரு குறையே. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஈரான் நாட்டு ஆய்வில், நலமுடன் இருந்த 70 பேருள் ஒரு பிரிவினர் நாளுக்கு இருமுறை இரண்டரை மில்லிலிட்டர் கருஞ்சீரக எண்ணெயை எட்டு வாரம் உண்டனர்; அவர்களுடைய இரத்த அழுத்தம் சிறிது குறைந்தது. இத்தகைய பதினோர் ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இரத்த அழுத்தத்தின் மேலெண் ஏறத்தாழ மூன்று அலகு குறைந்தது. 150 என இருந்தது 147 ஆவதைப் போன்றது இது. பயன் உண்டு, ஆனால், அது சிறிது. இவ்வுண்மையை இப்படியே சொல்வதுதான் நேர்மை.

இச்சிறு பயனைப் பெருமலையாக்கிக் காட்டுவோர் பலர். நீரிழிவு அடியோடு நீங்கும், புற்றுநோய் அகலும் என்றெல்லாம் சிலர் புட்டியின் மேல் ஒட்டும் தாளிலும் பேச்சிலும் பரப்புகின்றனர். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட புற்றணுக்களைத் தைமோகுயினோன் அழித்தது உண்மையே. ஆனால், கிண்ணத்து அணுக்களை மிகுந்த உப்புக் கரைசலும் அழிக்கும். அதனால் உப்பு புற்றுநோய்க்கு மருந்தாகிவிடாது. கிண்ணத்தில் அணுவின் மேல் நேரே ஊற்றப்படும் பொருள், மனிதன் உண்ணுங்கால் வயிற்றையும் குடலையும் ஈரலையும் கடந்து, சிதைந்தும் குறைந்தும் இரத்தத்தைச் சேர்கிறது. ஆதலின், கிண்ணத்தில் கண்டது மனித உடலிலும் நிகழும் எனத் துணிதல் பொருந்தாது. கருஞ்சீரக எண்ணெய் மனிதர்க்கு வந்த புற்றுநோயைப் போக்கும் என்பது இன்றளவும் நிறுவப்படவில்லை.

இதில் உள்ள பெருந்தீங்கு எண்ணெயின் விலை மட்டுமன்று. வயது வந்தோர்க்கு வரும் நீரிழிவு பல வேளைகளில் வலியின்றியே வளரும். அதற்கு மருத்துவர் தந்த மருந்தை ஒருவர் நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் நம்பியிருந்தால், அவர் அறியாமலே கண்ணும் சிறுநீரகமும் காலின் நரம்பும் பழுதுறும். புற்றுநோயாளர்க்கோ காலமே செல்வம். தொடக்கத்தில் எளிதாக நீக்கத்தக்க கட்டி, சில திங்கள் வீணானபின் நீக்க இயலாததாகிவிடும். நல்ல பொருளைப் பற்றிய பொய்யான புகழுரை, அந்நல்ல பொருளையே நஞ்சாக்கிவிடுகிறது.

எண்ணெயிலும் சில எச்சரிக்கைகள் உள. இது சர்க்கரையைச் சிறிது குறைக்கக் கூடியதாதலின், நீரிழிவு மருந்து உண்போர் இதனையும் மிகுதியாக உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். இரத்த அழுத்தத்துக்கும், இரத்தம் உறையாமைக்கும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இதனை மருந்தளவில் உண்ணலாகாது. கருவுற்ற மகளிர் உணவில் சேரும் சிறிய அளவுக்கு மேல் உண்ணாமை நன்று. எண்ணெயைத் தோலில் பூசியதால் சிலர்க்கு அரிப்பும் கொப்புளமும் தோன்றியதை மருத்துவர் பதிவு செய்துள்ளனர். விலை மிகுந்த எண்ணெயாதலின் இதில் மலிவான எண்ணெயைக் கலந்து விற்பதும் உண்டு.

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு கிராம் விதையில் எண்ணெய் ஏறத்தாழ 350 மில்லிகிராம். அதே விதையில் ஆவியெண்ணெய் 10 மில்லிகிராம் எனவும், அதில் மூன்றில் ஒரு பங்கு தைமோகுயினோன் எனவும் கொண்டால், ஒரு கிராம் விதையில் உள்ளது மூன்று மில்லிகிராம் அளவே. ஒரு ரொட்டியின் மேல் அரைக் கிராம் விதை தூவப்பட்டால், அதிலிருந்து கிடைப்பது ஒன்றரை மில்லிகிராம். சுடுங்கால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே, கரும்புள்ளி இட்ட ரொட்டி சுவைக்கு உரியது. நோய் தீர்க்கும் மருந்தாகாது. மேலும், எண்ணெய் எதுவாயினும் ஒரு கிராமுக்கு 9 கிலோ கலோரி தரும். ஒரு தேக்கரண்டி கருஞ்சீரக எண்ணெயில் 40 கிலோ கலோரி அளவு உண்டு. மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் சேர்த்துச் செய்த பிஸ்கோத்தில் நான்கு துளி கருஞ்சீரக எண்ணெயை விட்டு, அதனை ‘நல உணவு’ என விற்பாராயின், நலம் எங்கே இருக்கிறது என்று வாங்குவோர் கேட்க வேண்டாவா? புட்டியின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருப்பதைவிடப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருப்பதே நாம் படிக்கத்தக்கது. சேர்பொருள்கள் எவை, ஒவ்வொன்றும் எவ்வளவு என்பதை அங்கே காணலாம்.

மக்களைக் காக்கச் சட்டங்களும் உள. நீரிழிவு, புற்றுநோய் முதலிய குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை, மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரங்கள் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் வழித் தோன்றிய ஆணையம், நலம் தருவன எனக் கூறி விற்கப்படும் உணவுகளுக்கு 2016-ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. பின்னர் அவை திருத்தவும் பெற்றன. ஆயினும், சட்டம் கடைத்தெருவுக்குக் காவல் நிற்கலாம். ஒவ்வொரு வீட்டின் அடுக்களைக்கும் காவல் நிற்க இயலாது. அங்கே காவலாக நிற்க வேண்டுவது கற்றவர்தம் அறிவே.

பழமையானது என்பதனால் ஒன்றைத் தள்ளுதலும் தவறு; பழமையானது என்பதனாலேயே ஆராயாது கொள்ளுதலும் தவறு. மூவாயிரம் ஆண்டுகளாக மனிதன் கைவிடாது போற்றி வந்த விதை ஆராயத்தக்கதே. ஆராய்ந்து கண்ட பயன் சிறிதாயினும் ஏற்கத்தக்கதே. உணவில் சேர்த்துச் சுவைப்போர் சுவைக்கலாம். நோயுற்றோர் மருத்துவரிடம் மறையாது கூறி, அவர் இசைவு பெற்று, மருந்தோடு சேர்த்து அளவாகக் கொள்ளலாம். மருந்தை விடுத்து இதனைக் கொள்ளுதல் ஒருபோதும் ஆகாது. வீட்டில் மூத்தோர் எவரேனும் பிறர் சொற்கேட்டு மருந்தை நிறுத்த எண்ணுவாராயின், இங்குக் கற்றவற்றை அவர்க்குப் பணிவோடு எடுத்துச் சொல்வது மாணவர் கடமை. அக்கடமையைச் செய்யும் மாணவன், தான் கற்ற கல்விக்குப் பயன் கண்டவனாவான்.